மூன்றாம் நம்பர் காட்டுக்குப் போன கோழி எரு

தேயிலைத் தோட்டத்தைச் சொர்க்கம் என்று சொல்கிறவர்கள் மீது எனக்கு ஆத்திரம் வரும். அவர்களில் ஒருவரும் அங்கே துணி துவைத்துக் காயப் போட்டவர்கள் அல்ல. காலையில் போட்ட துணி மறுநாளும் சொட்டும், மூன்றாம் நாள் நாறும். மிளகாய்த்தூள் டப்பாவில் பூஞ்சணம் பிடிக்கும். உப்பு தண்ணீராகிப் போகும். புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும். கடித்தது தெரியாது, ரத்தம் வழிந்து சேலை நனைந்த பிறகுதான் தெரியும். பஸ்ஸில் வந்து இறங்கி, பச்சைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு பாக்கெட் தூளும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் இறங்கிப் போகிறவர்களுக்கு அது சொர்க்கம்தான். நான் அங்கே மூன்று வருடம் குடியிருந்தேன். நாமக்கல் வெயிலைத் திட்டியே பாதி ஆயுளைக் கழித்தவள், அங்கே போய்த்தான் வெயிலுக்கு ஏங்கினேன்.

எங்களுக்கு நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில் முட்டைக்கோழிப் பண்ணை. நான் கல்யாணமாகி வந்தபோது ஒரு கொட்டகை, இப்போது ஐந்து. தீனி அறை என் பொறுப்பு. பதினாறு வருடம் நானே நின்று தீனி கலந்தேன். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள், கடைசியில் சுண்ணாம்புக்கல்லை உடைத்த குருணை. எங்கள் பக்கம் அதற்கு கிரிட் என்று பெயர். அது குறைந்தால் முட்டை ஓடு மெலிந்து, எடுக்கிற கையிலேயே உடையும். அதனால் அதை மட்டும் வேறு யாரையும் நான் அளக்க விட்டதில்லை. இந்தக் கல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் கோத்தகிரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார். போனவர் வேறு, வந்தவர் வேறு. ஒரு பழைய தேயிலைத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கிறார்களாம். சரிவில் நாற்பது ஏக்கர், ஒரு பங்களா, ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் எல்லாம் சேர்த்து வருகிறதாம். வாங்கப் பணம் போதவில்லை. பரமத்தி வேலூரில் என் அப்பா என் பெயருக்கு எழுதி வைத்த இரண்டு ஏக்கர் இருந்தது. வாய்க்கால் தண்ணீர் பாயும் வாழைத் தோட்டம். அதை விற்கலாம் என்றார்.

"ஏனுங்க, தண்ணி பாயற நெலத்தை வித்துப்போட்டு மலை மேல போயி என்னொ பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"வெவசாயம் எங்க பண்ணுனாலும் வெவசாயந்தான் புள்ள. வாழை வெச்சவனுக்குத் தேயிலை வராதா? அதும் செடிதானே?"

செடிதானே என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை. பத்து நாள் சண்டை போட்டேன், இரண்டு நாள் பட்டினி கிடந்தேன், பதின்மூன்றாம் நாள் பத்திர ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட்டேன். பண்ணையைக் கொழுந்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு மலை ஏறினோம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தத் தோட்டம் உருப்படக் கூடாது என்று. என் நிலம் திரும்பி வராது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இவர் தோற்க வேண்டும், தோற்றுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைக் கீழே கூட்டிப் போக வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டென்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்டுப் பார்த்தால் அது ஒருவர் மாற்றி ஒருவர் ஏமாந்த கதை. முதலில் அது சோலைக்காடு. ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து மரத்தை எல்லாம் வெட்டிச் சாய்த்துத் தேயிலை விதை போட்டான். மலையில் ஆள் கிடைக்கவில்லை. கங்காணியைக் கீழே அனுப்பினான். மழை பொய்த்துப்போன வருடம் பார்த்துக் கங்காணி நம் பக்கம்தான் வந்திருக்கிறான். சேலம், ஆத்தூர், ராசிபுரம் என்று ஊர் ஊராகப் போய், கஞ்சிக்கு வழியில்லாத குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு மலை ஏற்றிவிட்டான். துரை கிளம்பிப் போனபோது கோயமுத்தூர் மில்காரர் ஒருவர் வாங்கினார். அவர் பிள்ளைகள் அடித்துக்கொண்டு ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். கம்பெனி ஃபாக்டரியை மூடிவிட்டு, தகரக் கொட்டகையையும் துருப்பிடித்த உருளைகளையும் அப்படியே விட்டுவிட்டுத் துண்டு போட்டு விற்றது. கடைசியில் வந்து மாட்டியவர் என் கணவர். கைமாறாமல் இருந்தது லைன் வீட்டில் குடியிருந்தவர்கள் மட்டும்தான்.

தோட்டத்தின் குணமும் எனக்குப் பிடிக்கவில்லை. தேயிலை செடியே அல்ல, மரம். அதை இடுப்புக்கு மேல் வளர விடாமல் வெட்டி வெட்டி, செடி என்று ஊரையும் நம்ப வைத்திருக்கிறார்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கத்தியை எடுத்து முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டுவார்கள். அதற்குக் கவ்வாத்து என்று பெயர். வெட்டிய காட்டைப் பார்த்தால் தீ வைத்த மாதிரி இருக்கும். தேயிலைத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு காடு, ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு நம்பர். எந்தக் காட்டுக்கு எந்த வருடம் கவ்வாத்து என்று பங்களா முன்னறையில் ஒரு கறுப்புப் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

கவ்வாத்து வெட்டும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காட்டுக்கு ஒரு செடியை மட்டும் கத்தி படாமல் விட்டுவிடுவார்கள். அது சாமிச் செடி. அதற்கு மஞ்சள் துணி கட்டி, கத்திகளை அதன் தூரில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்றதை வெட்டுவார்கள். மூன்றாம் நம்பர் காட்டுச் சாமிச் செடி தலைமுறையாக வெட்டுப்படாமல் இரண்டு ஆள் உயரத்துக்கு மரமாகவே நின்றது. வெள்ளைப் பூவும் பூத்தது. அந்த மலையில் எனக்குப் பிடித்த ஒரே ஜீவன் அதுதான் என்று சொல்ல வேண்டும்.

லைனில் ஆறு குடும்பம். ஆறுக்கும் மூத்தவள் ஒரு பெண் மேஸ்திரி, என் வயதுக்காரி. கொழுந்து எடுக்கிறவர்களுக்குப் பின்னால் ஒரு குச்சியுடன் நடப்பாள். செடிகளின் மேல் குச்சியைக் கிடத்தி மட்டம் பார்ப்பாள். கவ்வாத்துக் கத்தி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதும் அவள் சொல்தான். புருஷன் இறந்துவிட்டார், மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். "எங்க ஊரு ஆத்தூருப் பக்கம்னு சொல்லுவாங்கம்மா. நான் பாத்ததில்ல" என்றாள் முதல் நாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை. காரணத்தை ஒளிக்கப் போவதில்லை: அந்த மலை அவளுக்குப் பொருந்தியிருந்தது. மூடுபனிக்குள் எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். நான் முதலாளி வீட்டுக்காரி, எனக்கு வாசற்படி தெரியாது.

இரண்டாவது வருடம் ஆடி கழிந்ததும் மூன்றாம் நம்பர் காட்டுக்குக் கவ்வாத்து. எட்டு ஏக்கர், தோட்டத்திலேயே நல்ல காடு. அந்த வருடம் வெட்டியது அந்த ஒரு காட்டைத்தான். வெட்டி முடித்த வாரம் என் கணவர் கீழே போய்விட்டு, மூன்று லாரி கோழி எருவுடன் வந்து இறங்கினார். எங்கள் பண்ணை எரு. கொண்டை ஊசி வளைவு எல்லாம் நாற வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. எங்கள் ஊரில் கோழி எருவுக்கு இருக்கிற மரியாதை சாமி பிரசாதத்துக்குக் கூடக் கிடையாது. மஞ்சளுக்குக் கோழி எரு, மரவள்ளிக்குக் கோழி எரு, தென்னைக்கு, வெற்றிலைக் கொடிக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். இவர் லாரிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்:

"இதப் போட்டா கல்லுக்கூடத் தழைக்கும். பாருங்க, கார்த்திகைக்குள்ள காடு எப்படி வருதுன்னு."

மேஸ்திரி அவரிடம் ஏதோ சொல்லப் போனாள். நாமக்கல்காரனுக்கே எருவைப் பற்றிப் பாடமா என்று அவர் கத்தியது சமையலறை வரை கேட்டது. அன்று மத்தியானம் அவர் படுத்தபிறகு அவள் பின்வாசலில் வந்து நின்றாள். அட்டை ஏறாமல் காலில் கோணிச் சாக்கு கட்டியிருந்தாள். உள்ளே வராமல் படிக்குக் கீழேயே நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். ஐயாகிட்ட கேட்டேன், திட்டிட்டாரு. இந்தக் கோழி எருவுல சுண்ணாம்பு இருக்குமா?"

"எதுக்குக் கேக்கறே?"

"தேயிலைக்குப் புளிச்ச மண்ணுதாம்மா வேணும். சுண்ணாம்பு அதிகமானா வேரு எடுக்காது. சும்மா நிக்கிற செடின்னாக்கூடத் தாங்கும். கவ்வாத்துப் பண்ணுன செடி, பிள்ளை பெத்த உடம்பு மாதிரி. இப்பத் தாங்காது. நீங்க பண்ணையில இருந்தவங்க, உங்களுக்குத் தெரியும். இருக்குமா?"

தெரியும். அந்த மலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. பதினாறு வருடம் என் கையால் அளந்து போட்ட கல். கோழி தின்றதில் ஓட்டுக்குப் போனது போக மிச்சம் எங்கே போகும்? கொட்டகைக்குக் கீழே காய்ந்த எருவில் வெள்ளை வெள்ளையாக அது கிடப்பதை நான் எத்தனை தடவை காலால் தள்ளியிருக்கிறேன். பரணில் இருந்த ஈரத்துணியின் நாற்றம் மூக்கில் ஏறியது. என் வாழைத் தோட்டத்தில் வேறு யாரோ தார் வெட்டிக்கொண்டிருப்பது கண்ணில் வந்தது. இந்த எட்டு ஏக்கர் போனால் இவர் ஆட்டம் முடிந்தது என்று மனசு கணக்குப் போட்டது. லைனில் ஆறு வீடு இருப்பதும் அதே நிமிஷத்தில் எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று இப்போது சொன்னால் அது பொய்.

"எனக்கென்னொ தெரியும்? அதெல்லாம் ஆம்பளைக பாக்கறது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிம்மா, பயந்துட்டேன். சோளம் தின்ன எருவாத்தான் இருக்கும்" என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு போனாள். மறுநாள் ஆட்களை வைத்து எருவை அவளே நிரை நிரையாகப் போட வைத்தாள். சாமிச் செடிக்கு மட்டும் போடவில்லை; கோழிக் கழிவைச் சாமி தூரில் எப்படிப் போடுவது என்று ஆட்கள் தயங்கினார்கள், அவளும் விட்டுவிட்டாள்.

கார்த்திகை வந்தது. துளிர் வந்தது. மஞ்சளாக வந்தது. நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளுத்துப்போய், காமாலை வந்த குழந்தையின் கண் மாதிரி இருந்தது. இவர் எரு போதவில்லை என்று இன்னும் ஒரு லாரி கொண்டு வந்து போட்டார். தை முடிவதற்குள் துளிர் கருகியது. அடுத்த ஆனிக்குள் எட்டு ஏக்கரிலும் முக்கால்வாசி குச்சியாக நின்றது. நூறு வருடம் வெட்டியும் சாகாத செடிகள். நடுவில் சாமிச் செடி மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது. ஒவ்வொரு நாளும் பங்களா ஜன்னலில் நின்று அதைப் பார்த்தேன். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்ற சொல் எல்லாம் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஒருநாள் காலையில் இவர் மேஸ்திரியையும் என்னையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார். சாமிச் செடிக்கு முன்னால் நின்றார்.

"இதப் பாரு. வெட்டாத செடி பச்சையா நிக்குது. வெட்டுனதெல்லாம் செத்துப் போச்சு. அப்பறம் கேடு கத்தியில இல்லாம வேற எதுலீங்கறே? ஆழமா வெட்டிக் கெடுத்துப் போட்டே நீ."

"அந்தச் செடிக்கு எருப் போடலைங்கய்யா" என்றாள் அவள். "நான்தான் போட வேணாம்னு விட்டேன்."

"போட்டிருந்தா இன்னொ நல்லா வந்திருக்கும்!"

அந்த மனுஷனிடம் யார்தான் பேச முடியும்? ஒரே செடியைக் காட்டி இவர் கத்தியைக் குற்றம் சொன்னார், அவள் எருவைச் சொன்னாள். எது சரி என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்தி, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு புள்ள, யாரு மேல தப்பு?"

"எனக்குத் தேயிலையப் பத்தி என்னொ தெரியும்?" என்றேன். இரண்டாவது தடவை.

மட்டக் குச்சியை அங்கேயே அவளிடமிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார். இருபது வருடம் மேஸ்திரியாக நடந்தவள், மறுநாள் கூடையை மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு நிரையில் நின்றாள். அவள் கெட்ட வெட்டு வெட்டினாள் என்ற பேச்சு பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போயிற்று. வேறு எங்கேயும் அவளுக்குக் கத்தி பிடிக்க வேலை கிடைக்காது என்று ஆகிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் நினைத்தது நடந்தது. அடுத்த வருடம் தோட்டத்தை விற்றோம். வாங்கியவர் தேயிலைக்காக வாங்கவில்லை. காட்டேஜ் கட்டி வாடகைக்கு விட வாங்கினார். லைன் வீடுகளை இடிக்க வேண்டும் என்று ஆறு குடும்பத்துக்கும் ஒரு மாதம் தவணை கொடுத்தார். நாங்கள் இறங்கிய அன்று மேட்டுப்பாளையம் தாண்டியதும் கார் கண்ணாடியை இறக்கினேன். வெயில் முகத்தில் அறைந்தது. சிரித்தேன், வெட்கமில்லாமல் வாய்விட்டுச் சிரித்தேன்.

பண்ணைக்கு வந்து இரண்டு மாதம் இருக்கும். முட்டை பொறுக்க ஆள் பற்றாக்குறை. ஒருநாள் மத்தியானம் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. மேஸ்திரி ஒரு டிரங்குப் பெட்டியுடன் இறங்கினாள். "அவளுக்கு ஊடு வேணும், நமக்கு ஆளு வேணும். நாந்தான் வரச் சொன்னேன்" என்றார் இவர். நல்லது செய்துவிட்ட பெருமை முகத்தில். நான் போய்த் தீனி அறைக் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தோம். கொழுந்து எடுத்த விரல்கள் அல்லவா, இரண்டு கையாலும் முட்டை எடுப்பாள். ஒன்று கூட உடையாது. எங்கள் ஆட்கள் ஓர் அட்டை நிரப்புவதற்குள் அவள் இரண்டு நிரப்பிவிடுவாள். "இங்க எப்படிச் சுள்ளுன்னு அடிக்குதும்மா வெயிலு" என்று முந்தானையால் முகத்தைத் துடைப்பாள். அவளுடைய பாட்டன்மார் விட்டுப்போன வெயில்தான். தீனி அறைப் பக்கம் மட்டும் அவள் வராதபடி பார்த்துக்கொண்டேன். ஒரு மாதம் அப்படி ஓடியது.

தீனி சுமக்கிறவன் வராத ஒருநாள் காலையில், யாரும் என்னைக் கேட்காமல் அவளை வாளியுடன் அனுப்பிவிட்டார்கள். நான் கிரிட் மூட்டையில் கையை விட்டு அளந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவள் நிற்கிறாள். குனிந்து மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். விரலால் தேய்த்தாள், நாக்கில் வைத்தாள், துப்பினாள்.

"இது என்னம்மா?"

"கிரிட்டு."

"என்ன கல்லு?"

பங்களாப் பின்வாசலில் கேட்ட அதே குரல். இந்தத் தடவை பொய் சொல்ல இடம் இல்லை. மூட்டை வாயைத் திறந்துகொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

"சுண்ணாம்புக்கல்லு."

"எப்ப இருந்தும்மா போடுறீங்க?"

"எப்பவுமே."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் கையைத் தட்டிவிட்டு, நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அன்று முட்டை லாரி போனபிறகு இவர் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் காலி அட்டைகளை அடுக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். இவருக்கு என்ன தோன்றியதோ, கூப்பிட்டார்.

"ஏம்மா மேஸ்திரி, அந்த மூணாம் நம்பரு எதுல செத்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கவே இல்ல. அன்னைக்குக் கோவத்துல உம்மேல சொல்லிப்போட்டேன். உனக்கு என்னொ தோணுது?"

அவள் அட்டைகளைக் கீழே வைக்கவில்லை.

"அம்மாவைக் கேளுங்கய்யா" என்றாள். "அவங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டாள். இவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னொ புள்ள சொல்றா?"

எனக்கென்ன தெரியும் என்று மூன்றாவது தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.